ஞானம் அங்கிள் கப்பலை விட்ட நாள்

போன மாதம் ஹரிணி தொலைபேசியில் அழைத்தாள். மெல்பனில், ஸ்பிரிங்வேலில் உள்ள பயண முகவர் அலுவலகத்தில் இருபத்தொரு வருடம் நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அன்ரி, ஒரு சின்னக் கேள்வி. ஆக்கள் ஒரு சேர்ச்சுக்குள்ள போனா வெளியில வர எவ்வளவு டைம் குடுக்கிறது?"

"எந்த ஆக்கள்?"

"கிளென் வேவர்லி குரூப். பத்துப் பேர்."

"அதில போட்டோ எடுக்கிற அங்கிள்மார் எத்தினை பேர்?"

"நாலு பேர்."

"அப்ப ஒன்றரை மணித்தியாலம்."

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆப் இருபது நிமிஷம் எண்டு சொல்லுது, அன்ரி," என்றாள்.

அந்தச் செயலி போட்டுக் கொடுத்த திட்டத்தை அவள் எனக்கு அனுப்பினாள். காலை எட்டு மணிக்குக் கப்பலிலிருந்து இறங்கி, பீசா கோபுரம் பார்த்து, புளோரன்ஸ் போய், இரண்டு அருங்காட்சியகமும் ஒரு பாலமும் பார்த்து, மதியம் சாப்பிட்டு, ஐந்து மணிக்குக் கப்பலில் நிற்கலாமாம். நடுவில் ஒருவருக்கும் சலம் கழிக்க வராது, ஒருவரும் செருப்பு வாங்க மாட்டார்கள், ஒருவருக்கும் ஒருவரோடும் கோபம் வராது என்று அது நம்பியிருந்தது. "இதைக் குடுக்காதை பிள்ளை. ஏனெண்டு எழுதி அனுப்புறன்," என்றேன். அதுதான் இது.

நான் யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவள். மெல்பனுக்கு வந்து மூன்று வருடம் கோழியிறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு ஒரு வருடம் பயண முகவருக்கான படிப்பு. விமான நிலையங்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களை மனப்பாடம் செய்ததைத் தவிர அந்தப் படிப்பில் வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. வேலை கற்றதெல்லாம் மிஸ்டர் ஆரோக்கியத்திடம்.

மிஸ்டர் ஆரோக்கியம் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழர். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில், ஒரு வியட்நாமியப் பேக்கரிக்கும் தையல்காரர் ஒருவருக்கும் நடுவில், எங்கள் சிறிய அலுவலகத்தை நடத்தினார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில், "ரஞ்சி, பசியாறியாச்சா?" என்று கேட்பார். அதைக் கேட்டதும் நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவோம்.

எங்கள் சிறப்பு வேலை மத்தியதரைக் கடல் கப்பல் பயணம். கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும், மாலையில் கிளம்பும். இடையில் கரையைச் சுற்றிப் பார்க்கலாம். கப்பல்காரர்களே ஒரு சுற்றுலா வைத்திருப்பார்கள். அதில் போனால், பேருந்து எவ்வளவு பிந்தினாலும் கப்பல் காத்து நிற்கும். தனியாகப் போனால் நிற்காது. எங்கள் வாடிக்கையாளர்களுக்கோ, கொடி பிடித்த ஒரு பெண்ணின் பின்னால் நாற்பது பேரோடு வரிசையில் போவது பிடிக்காது. தனியாகத்தான் போவார்கள். அவர்கள் கரையில் எங்கே, எதில், எத்தனை மணிக்குப் போய் எப்படித் திரும்புவது என்று எழுதிக் கொடுப்பது நாங்கள்.

ஒரு துறைமுகத்துக்கு ஒரு பக்கம். பெரிய எழுத்து. நான் முதலில் எழுதிய பக்கத்தில் 'அழகான கடற்கரைச் சாலை' என்றிருந்தது. அவர் 'அழகான' என்பதைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார்.

"அழகை அவங்க பாத்துக்குவாங்க. நீ பஸ்ஸைச் சொல்லு."

ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் கையெழுத்திடுவார். கழிவறை எங்கே? உட்கார இடம் எங்கே? இந்த ரயில் போனால் இன்னும் எத்தனை ரயில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு 'இரண்டு' என்பதுதான் சரியான பதில். 'ஒன்று' என்றால் பக்கம் திரும்பி வரும். கழிவறைகளுக்கென்று தனிக் குறிப்பேடு வைத்திருந்தார். பார்சிலோனாவிலிருந்து இஸ்தான்புல் வரை எந்தக் கழிவறையில் சில்லறை போட வேண்டும், எதில் படிக்கட்டு, எது ஞாயிற்றுக்கிழமை பூட்டு என்பதெல்லாம் அதில் இருந்தது. சந்தேகம் வந்தால் அந்த ஊர் உல்லாசப் பயண அலுவலகத்துக்கே அழைத்து, மிகுந்த மரியாதையோடு கழிவறை பற்றி விசாரிப்பார்.

நடை ஒத்திகையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் என்னை ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்துக்கு அனுப்பினார். கூடவே, வாடிக்கையாளர்களான மூன்று அன்ரிமாரையும் வரச் சொல்லியிருந்தார். நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு வரைபடத்தின்படி ஆறு நிமிடம். நாங்கள் வந்து சேர முப்பத்தேழு நிமிடம் ஆனது. ஒரு அன்ரி கங்குன் கீரையை முகர்ந்து பார்த்தார். இன்னொருவருக்குப் பழைய அயலவர் ஒருத்தி எதிர்ப்பட்டாள். மூன்றாமவர் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் மற்ற இருவரும் வரும்வரை நின்றார். மிஸ்டர் ஆரோக்கியம் வாசலில் கைக்கடிகாரத்தோடு காத்திருந்தார்.

"இதுதான் அன்ரி வேகம். இதை வச்சுத்தான் ஐரோப்பா முழுக்க கணக்குப் போடணும்."

போட்டேன். எல்லாவிதமான ஆட்களுக்கும் போட்டேன். கிரான்பர்னிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு, பார்சிலோனாவில் பல தலைமுறையாக இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய தேவாலயத்தைச் சொன்னேன். கணவர் யோசித்துவிட்டு, "முடிக்கட்டும், பிறகு போவம்," என்று எழுந்து போனார். சான்டோரினித் தீவில் துறைமுகத்திலிருந்து மேலே ஏறக் கழுதை கிடைக்கும் என்று ஓர் அன்ரியிடம் சொன்னேன். "அது கீழ வரேக்க தனியாவோ வரும்?" என்று கேட்டார்.  மிஸ்டர் ஆரோக்கியம் அன்று பின்னேரமே கிரீசுக்கு அழைத்துக் கேட்டார். தனியாகத்தான் வருமாம்.

இப்படி ஆறு வருடம் போனது. அந்த ஆறு வருடத்தில் நான் மத்தியதரைக் கடலை ஒருநாளும் கண்டதில்லை. நேப்பிள்ஸ் ரயில் நிலையத்தில் எந்தப் படியால் இறங்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் நான் பார்த்த கடல் யாழ்ப்பாணத்துக் கடலும் மெல்பனில் செயின்ட் கில்டா கடலும்தான். ஒரு நாள் மிஸ்டர் ஆரோக்கியம் என்னைக் கூப்பிட்டு, "பசியாறியாச்சா?" என்றார். பயந்துபோய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவோடு நான் போக வேண்டும் என்றார்.

"இதுவரைக்கும் நம்ம ஆளு ஒருத்தரையும் கப்பல் விட்டுட்டுப் போனதில்ல, ரஞ்சி. அதை மட்டும் பாத்துக்க."

அந்தப் பன்னிரண்டு பேரில் மூவரை இங்கே சொன்னால் போதும். முதலாமவர் ஞானம் அங்கிள். இலங்கையிலும் பிறகு இங்கேயும் சேவேயராக இருந்து, காணி அளந்தே காலம் கழித்தவர். கிளென் வேவர்லியில் வீடு. எங்கே போனாலும் கூட்டத்துக்கு இருபது அடி முன்னால் நடப்பார். வழி தெரிந்து நடப்பதில்லை, நடந்த பிறகு வழியாகிவிடும் என்ற நம்பிக்கை. இரண்டாமவர் அவருடைய மனைவி பூமணி அன்ரி. அவர் எப்போதும் இருபது அடி பின்னால். இருவரும் நாற்பது வருடமாக இந்த நாற்பது அடி இடைவெளியில் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தினார்கள். மூன்றாமவர் ராதிகா, சென்னையிலிருந்து வந்து கிரான்பர்னில் இருக்கும் தாதி. எதற்கும் பதறாதவள்.

புறப்படும் முன் எல்லோருக்கும் கழுத்தில் தொங்கவிட ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தேன். மிஸ்டர் ஆரோக்கியத்தின் கண்டுபிடிப்பு அது. ஒரு பக்கம், 'இவர் இந்தக் கப்பலைச் சேர்ந்தவர், துறைமுகத்துக்கு வழி காட்டுங்கள்' என்று அந்தந்த நாட்டு மொழியில் இருக்கும். மறுபக்கம் தமிழில், தொலைந்துபோனால் செய்ய வேண்டியவை. நின்ற இடத்தில் பதினைந்து நிமிடம் நிற்கவும். ஒருவரும் வராவிட்டால் ரயில் நிலையத்துக்குப் போகவும். கப்பலுக்குத் திரும்பவும். தேநீர் குடிக்கவும். கடைசி வரி எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "டீ குடிக்கிறவங்க எழுந்து எங்கயும் போக மாட்டாங்க," என்றார்.

ஞானம் அங்கிள் அட்டையை வாங்கவில்லை.

"எனக்கேன் பிள்ளை? நான் மாப் கீறின ஆள்."

பூமணி அன்ரி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். விமானத்தில் நித்திரை கொள்ளும்போதும் கழற்றவில்லை.

இத்தாலியின் லிவோர்னோ எங்களுடைய மூன்றாவது துறைமுகம். மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும், ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பும். எங்கள் திட்டத்தில் பீசா மட்டும். துறைமுகத்திலிருந்து பேருந்து, பிறகு இருபது நிமிட ரயில், மறுபடி ஒரு பேருந்து. கோபுரத்தடியில் மூன்று மணித்தியாலம் கொடுத்திருந்தேன்.

சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோலப் படம் எடுப்பது அங்கே எல்லோரும் செய்வது. ஞானம் அங்கிள் அதைத் தொழில் முறையில் செய்தார். மனைவியை ஓர் இடத்தில் நிறுத்தி, கையை உயர்த்தச் சொல்லி, தான் கல் தரையில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடினார்.

"இன்னும் நாலு பாகை வலப்பக்கம். கையை இறக்காதை, பூமணி."

அரை மணி நேரம் ஆனது.

"என்ர தோள் நோகுது, அப்பா. அது இவ்வளவு காலமும் தன்ர பாட்டில நிண்டது, இனியும் நிக்கும். விடுங்கோ," என்றார் பூமணி அன்ரி. பிறகு கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொன்னார் என்பதுதான் பிரச்சினை. கணவரிடம்தான் சொன்னார். கணவரோ அப்போது கோபுரத்தின் கோணத்தை ஒரு ஜெர்மன்காரரோடு விவாதித்துக்கொண்டிருந்தார்.

ஒன்றேமுக்காலுக்கு நான் ஆட்களை எண்ணினேன். பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். பதினொரு பேர்.

"அன்ரி எங்க?"

ஞானம் அங்கிள் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக மனைவி இருக்கும் இடத்தில், நாற்பது அடிக்கு அப்பால், ஒரு புறா நின்றது.

"எங்கயாவது மரக்கறி விலை கேட்டுக்கொண்டு நிப்பா," என்றார். ஆனால் அவருடைய முகம் மாறிவிட்டது.

"போன் எடுங்கோ, அங்கிள்."

சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார், காற்சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். மனைவி தொலைத்துவிடுவார் என்று அவருடைய தொலைபேசியையும் தானே வைத்திருந்தார். இரண்டும் மெல்பன் விமான நிலையத்தில் விமானப் பயன்முறைக்கு மாற்றியபடியே இருந்தன. வெளிநாட்டில் தட்டினால் பில் வந்துவிடும் என்று அவற்றைத் தட்டவே பயந்தார்.

பக்கத்தில் நின்ற காவலரிடம் போனோம். படம் இருக்கிறதா என்று கேட்டார். ஞானம் அங்கிள் அன்று எடுத்த முப்பது படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றிலும் கோபுரம் துல்லியமாக இருந்தது. பூமணி அன்ரியின் உள்ளங்கை மட்டும் இடது ஓரத்தில் இருந்தது. காவலர் மிகவும் பொறுமையாக அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

தேவாலயம், கல்லறை மண்டபம், கடை வரிசை, கழிவறை வரிசை எல்லாம் தேடினோம். இரண்டேகாலாகிவிட்டது. இதற்கு மிஸ்டர் ஆரோக்கியத்தின் நடைமுறை தெளிவானது. குழு திட்டப்படி திரும்ப வேண்டும். நடத்துபவர் மட்டும் நின்று தேட வேண்டும். ராதிகாவைப் பொறுப்பாக்கி எல்லோரையும் ரயிலுக்கு அனுப்பினேன். ஞானம் அங்கிள் போக மறுத்தார்.

"நான் நிக்கிறன்."

"இல்லை அங்கிள், நீங்கள் போங்கோ. ஒரு ஆளைத் தேடலாம், ரெண்டு ஆளைத் தேட என்னால ஏலாது."

தலையைக் குனிந்துகொண்டு போனார். அன்றுதான் முதல் தடவையாக அவர் கூட்டத்தின் கடைசியில் நடந்ததைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு ராதிகா அழைத்தாள்.

"அக்கா, டிரெயின் கிளம்பிடுச்சு. ஒரு விஷயம் சொல்றேன், டென்ஷன் ஆகாதீங்க. அங்கிள் இறங்கிட்டாரு."

"எங்க இறங்கினவர்?"

"பீசாவுலயேதான். கதவு மூடுற நேரத்துல குதிச்சுட்டாரு. எங்களுக்கு டாட்டா காட்டிட்டு வேகமா நடந்து போறாரு."

நான் பேருந்தில் நிலையத்துக்கு ஓடினேன். அவர் அதே நேரத்தில் வேறு தெருவால் கோபுரத்துக்கு நடந்துகொண்டிருந்தார். நான் கோபுரத்துக்குத் திரும்பினேன். அவர் ஆற்றுப் பாலத்தடியில் சந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய்விட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது, பீசா நகரத்தில் கிளென் வேவர்லிக்காரர் இரண்டு பேர் இரண்டு திசையில் நிற்கிறார்கள் என்பதும், ஒருவரையும் தொலைக்காமல் கொண்டுவருவது என்ற ஒரே வேலையாக வந்த நான் அதில் தோற்றுவிட்டேன் என்பதும்தான். ஒரு கல் தூணில் சாய்ந்து நின்று, அழுவதா ஓடுவதா என்று யோசித்தேன்.

நாலு மணிக்கு மறுபடி ராதிகா.

"அக்கா, நாங்க கப்பலுக்கு வந்துட்டோம். ஆன்ட்டி இங்க இருக்காங்க."

"எங்க?"

"கப்பல்ல. ஒன்பதாவது மாடியில டீ குடிச்சிட்டு இருக்காங்க. மூணாவது கப்பாம்."

தொலைபேசியைப் பூமணி அன்ரியிடம் கொடுத்தாள்.

"என்ன பிள்ளை, நீங்கள் எல்லாரும் எங்க துலைஞ்சு போனியள்? நான் பதினைஞ்சு நிமிஷம் நிண்டு பாத்தன். பிறகு அட்டையைக் காட்டிக் காட்டி வந்திட்டன். ரெண்டு அம்பதுக்கெல்லாம் வந்திட்டன்."

கழிவறையிலிருந்து திரும்பி வந்தபோது நாங்கள் கோபுரத்தின் மறுபக்கம் போயிருந்தோம், அவ்வளவுதான். அட்டையில் உள்ளதை வரி தவறாமல் செய்திருக்கிறார். நான்காவது வரியை இன்னும் செய்துகொண்டிருந்தார்.

"இவர் எங்க?" என்று கேட்டார்.

"உங்களைத் தேடிக்கொண்டு நிக்கிறார், அன்ரி."

"ஏன்?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

நாலரை ரயிலை விட்டால் நானும் கப்பலைப் பிடிக்க முடியாது. மற்றப் பதினொரு பேருக்கும் நாளைக்கு ரோம் இருந்தது. காவலரிடம் ஞானம் அங்கிளின் அடையாளத்தைச் சொன்னேன். வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் குடை, கூப்பிட்டால் நிற்க மாட்டார். அவர் எழுதிக்கொண்டார். ரயிலில் அந்த இருபது நிமிடமும் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆறு வருடம் ஆட்களுக்கு நான் எழுதிக் கொடுத்த வழி சன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்தேகாலுக்குக் கப்பலில் ஏறினேன். அதிகாரி ஒருவர் பூமணி அன்ரியோடு நின்றார். ஒருவர் வராவிட்டால் அவருடைய கடவுச்சீட்டை அறையிலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது கப்பலின் வழக்கம். மனைவி விரும்பினால் இறங்கலாம் என்றும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். பூமணி அன்ரி யோசித்தார்.

"இறங்கினா நாளைக்கு ரோமில ஏறலாமோ?"

"ஓம், அன்ரி. ரயிலில போய் ஏறலாம்."

"அப்ப அவரும் அப்பிடி வரலாம்தானே. எனக்கு இண்டைக்கு ஏழு மணிக்குப் பாட்டுக் கச்சேரிக்குச் சீட் போட்டிருக்கு."

அறைக்குப் போய் ஒரு பையோடு வந்தார். அதில் கடவுச்சீட்டு, பிரஷர் குளிசை, துவைத்த ஒரு சேட், பல் துலக்கி, ஒரு சிறு போத்தல் தேசிக்காய் ஊறுகாய். கடைசியாகத் தன் கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றி மேலே வைத்தார்.

"இதைக் கட்டாயம் வாசிக்கச் சொல்லுங்கோ."

ஆறு மணிக்குக் கயிறுகளை அவிழ்த்தார்கள். நாங்கள் எல்லோரும் மேல் தளத்தில் நின்றோம். கப்பல் கரையிலிருந்து ஒரு பேருந்து நீளம் விலகியபோது, வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. ஞானம் அங்கிள் குடையோடு இறங்கினார். கப்பலைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தை மேலே தூக்கி, மறு கை விரலால் அதைத் தட்டித் தட்டிக் கப்பலுக்குக் காட்டினார். கப்பல்தான் பிழை என்பது அவருடைய நிலைப்பாடு.

"அவர் கோல் எடுக்கப் போறார், போனைத் தாங்கோ," என்றார் பூமணி அன்ரி. அவர் சொன்னபடியே என் தொலைபேசி அடித்தது. ஞானம் அங்கிள் கடைசியில் தட்டிவிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"பூமணி, நீ எங்க நிக்கிறாய்?"

"மேல நிக்கிறன். உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"நான் உன்னைப் பீசா முழுக்கத் தேடினன்." குடையை மற்றக் கைக்கு மாற்றினார். "பொலிசிட்ட உன்ர கையைக் காட்டினன்."

"மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"துறைமுக ஏஜென்டிட்ட பை குடுத்திருக்கு, அதுக்குள்ள ஊறுகாய் இருக்கு. பாண் வாங்கிச் சாப்பிடுங்கோ. பிறகு அட்டையை வாசியுங்கோ."

அதன்பின்னும் இருவரும் அழைப்பை வைக்கவில்லை. கரையில் அவர் சிறியதாகிக்கொண்டே போனார். மரியாதைக்காக நான் வேறு பக்கம் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கடலை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பரவாயில்லாத கடல்.

மறுநாள் காலை ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியாவில் நாங்கள் இறங்கியபோது, வாயிலில் ஞானம் அங்கிள் நின்றார். முகச்சவரம் செய்து, துவைத்த சேட் போட்டு, கழுத்தில் மஞ்சள் அட்டையோடு.

"நான் உங்களுக்கு முதலே வந்திட்டன்," என்றார்.

மனைவியின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. லிவோர்னோவில் தங்கிய அறையில் கட்டில் எப்படி, காலை ரயில் கடலோரமாக எப்படி வந்தது, எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற ஒரு ரயில்வேக்காரர் எப்படி அமைந்தார். மொழி தெரியாமலே இருவரும் இரண்டரை மணி நேரம் பாலங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஊறுகாயில் பாதி அந்த இத்தாலியரிடம் போய்விட்டது. என்ன ஆனாரோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த அந்த மனிதர், வாழ்க்கையிலேயே நல்ல பயணம் ஒன்றைச் செய்துவிட்டு வந்திருந்தார்.

மெல்பனுக்குத் திரும்பியதும் மிஸ்டர் ஆரோக்கியத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்பதற்கு முதலே, "பசியாறீட்டன்," என்றேன். நடந்ததெல்லாம் சொன்னேன். வேலையை விடவும் தயார் என்றேன். அவர் மஞ்சள் அட்டையின் மாதிரியை எடுத்து முன்னால் வைத்தார்.

"அந்த அம்மா எத்தனை மணிக்குக் கப்பலுக்கு வந்தாங்க?"

"ரெண்டு அம்பது."

"தனியாவா?"

"ஓம்."

"அன்ரி வேகத்துக்கு அது நல்ல டைம்." சிவப்புப் பேனாவை எடுத்தார். அட்டையின் மாதிரியில் நான்காவது வரிக்குக் கீழே ஐந்தாவது வரி எழுதினார்: 'கணவர் தேடிப் போக வேண்டாம்.' அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் 'ஒருத்தரையும் விட்டதில்லை' என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டு, 'விட்டாலும் பரவாயில்ல' என்று சொல்லத் தொடங்கினார். வியாபாரம் குறையவில்லை.

இனி ஹரிணிக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நான் ஓய்வுபெற்ற வருடம், ஞானம் அங்கிளும் பூமணி அன்ரியும் மறுபடி வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். பார்சிலோனாவில் தொடங்கி மெசினாவில் முடியும் கப்பல். இதற்குமுன் இருவரும் கப்பலில் நான்கைந்து தடவை போயிருக்கிறார்கள், எனக்குப் புதிய விஷயமில்லை என்று நினைத்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரு அறைதானே, அன்ரி?"

"இல்லைப் பிள்ளை. கப்பல் எனக்கு. இவருக்கு ரயில்."

ஞானம் அங்கிள் முன்னால் சாய்ந்தார். லிவோர்னோவிலிருந்து வந்த அந்த ரயிலைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றார். கப்பலில் தனக்கு நடக்க இடம் போதாது, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. மனைவிக்கோ கப்பலை விட்டு இறங்கவே விருப்பமில்லை. ஆகவே அவர் கப்பலில் போகட்டும், தான் கரையோரமாக ரயிலில் போகிறேன், ஒவ்வொரு துறைமுகத்திலும் சந்திக்கிறோம் என்றார்.

"எங்களுக்குள்ள சண்டை ஒண்டும் இல்லை," என்று பூமணி அன்ரி விளக்கினார். "சந்திச்சா அவருக்குக் கதைக்க ஏதாவது இருக்கும்."

என் தொழில் வாழ்க்கையில் மிகக் கடினமான திட்டம் அதுதான். ஒரு துறைமுகத்துக்கு ஒரு நாள் என்று போட்டுப் பழகிய எனக்கு, கரை முழுவதையும் ஒரே ஆளுக்குப் போட வேண்டியிருந்தது. பார்சிலோனாவிலிருந்து மார்செய், அங்கிருந்து ஜெனோவா, பழைய லிவோர்னோ, ரோம், நேப்பிள்ஸ். கப்பல் இரவெல்லாம் ஓடும், ரயில் பகலில்தான் ஓடும். இரண்டு இடத்தில் கப்பல் முந்தியது, மூன்று இடத்தில் ரயில் முந்தியது. மிஸ்டர் ஆரோக்கியம் அந்தப் பக்கங்களை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்று கேள்வியும் கேட்டார். பிறகு எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஒரு வரியையும் வெட்டாமல் கையெழுத்திட்டார்.

எல்லா இடத்திலும் சந்தித்தார்கள். மார்செய் துறைமுக வாயிலில் அங்கிள் இரண்டு ஐஸ்கிறீமோடு நின்றார், அன்ரி வெளியே வருவதற்குள் ஒன்று உருகிவிட்டது. நேப்பிள்ஸில் அன்ரி அவருக்குக் கப்பல் சாப்பாட்டறையிலிருந்து ஓர் அப்பிளும் இரண்டு துண்டுக் கேக்கும் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

மெசினா மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. அது சிசிலித் தீவில் இருக்கிறது. ரயில் எப்படிப் போகும்? அங்கே நடைமுறை என்னவென்றால், கடற்கரையில் ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒரு கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள். கப்பல் ரயிலைச் சுமந்துகொண்டு நீரிணையைக் கடக்கிறது. இதை அங்கிளுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை நம்பவில்லை. ரயில் கப்பலுக்குள் போன பிறகுதான் மனைவியை அழைத்திருக்கிறார்.

"பூமணி, நான் கப்பலில நிக்கிறன்."

"என்ர கப்பலிலயோ?"

"இல்லை, வேற கப்பல். ரயில் கப்பலுக்குள்ள நிக்குது, நான் ரயிலுக்குள்ள நிக்கிறன்."

"அப்ப மேல ஏறி வாங்கோ. நான் இஞ்ச மெசினாவில என்ர கப்பல் மாடியில வந்து நிக்கிறன். பாத்தா தெரியும்."

அவர் மேல் தளத்துக்கு ஏறினார். எதிரே மெசினாவில் பெரிய வெள்ளைக் கப்பல் நின்றது. அதன் மாடியில் சிவப்பாக ஓர் உருவம் தெரிந்தது. குடையை விரித்து ஆட்டினார். அந்த உருவமும் கையை ஆட்டியது. கரையில் சந்தித்தபோதுதான் தெரிந்தது, அன்ரி அன்று கட்டியிருந்தது பச்சைச் சேலை. அன்ரியும் பத்து நிமிடமாக, அங்கிள் என்று நினைத்து, தொப்பி போட்ட யாரோ ஒருவரைப் பார்த்து ஆசையாகக் கையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்ல மனிசன்," என்று அன்ரி என்னிடம் சொன்னார். "கடைசிவரைக்கும் அவரும் ஆட்டினவர்."